பன்னிரண்டு கற்கள், நான்கு பத்திகள்: சமான பின்னங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான ஆயத்தங்கள் சென்னைச் சபைகளில் தொடங்கிவிட்ட இந்த வேளையில், வேதாகமக் கதைகளையும் கைவேலையையும் கொண்டு சிறு பிள்ளைகளுக்குச் சமான பின்னங்களைக் கற்பிப்பது குறித்துப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றை ஒன்றாகத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஓர் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை: மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் எங்கள் ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கும் சமான பின்னங்கள் புரியவில்லை என்கிறார்கள். வேதாகமக் கதையையும் ஓவியத்தையும் வைத்து இதைப் புரியவைக்க முடியுமா? எந்தக் கதையில் தொடங்கலாம்?

முடியும், நன்றாகவே முடியும். ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் பின்னத்துக்குப் பொருத்திவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. முழுப்பொருள் மாறாமல் இருக்க, அதை எத்தனை பங்காக வகுக்கிறோம் என்பது மட்டும் மாறும்போது, ஒரே அளவுக்குப் பல பெயர்கள் கிடைக்கின்றன. சமான பின்னம் என்பது இவ்வளவுதான். ஆகவே முழுப்பொருள் எது என்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், பங்குகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும், இவை இரண்டும் நாமாகப் புகுத்தியவையாக இல்லாமல் கதையிலேயே அமைந்திருக்க வேண்டும். இம்மூன்றும் கூடிவரும் பகுதிகள் வேதாகமத்தில் சிலவே. அவற்றுள் நான் முதலிடம் தருவது பிரதான ஆசாரியனாகிய ஆரோன் அணிந்த மார்ப்பதக்கத்துக்கு.

யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் அதன் அமைப்பு விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது ஒரு சாண் நீளமும் ஒரு சாண் அகலமும் கொண்ட சதுரம். அதில் நான்கு பத்திகளாக, அதாவது குறுக்கு வரிசைகளாக, பத்திக்கு மூன்றாக, பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்டன. இஸ்ரவேலின் பன்னிரண்டு குமாரர்களின் பெயர்கள் அவற்றில் வெட்டப்பட்டன. முதல் பத்தியில் பத்மராகம், புஷ்பராகம், மாணிக்கம் என்று கற்களின் பெயர்களை வரிசையாக வாசிக்கும்போதே பிள்ளைகளுக்கு நிறங்களின் மேல் ஆசை வந்துவிடும். இந்தக் கற்கள் இன்று எவை என்பதில் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு வேறுபாடு இருப்பதால், எந்தக் கல்லுக்கு எந்த நிறம் என்பதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் 24 செ.மீ. பக்கமுள்ள சதுரமான சார்ட் அட்டை ஒன்று வெட்டிக் கொடுங்கள். பெரியவர்களின் சாண் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். அட்டையைக் குறுக்காகப் பாதியாக மடித்து, மீண்டும் ஒரு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் 6 செ.மீ. உயரமுள்ள நான்கு பத்திகள் கிடைக்கும். மூன்று சமபாகமாக மடிப்பது இந்த வயதுக் கைகளுக்கு எளிதன்று. ஒன்று சற்றுப் பெரிதாகவும் ஒன்று சற்றுச் சிறிதாகவும் அமைந்துவிட்டால் பாடமே கெட்டுவிடும். எனவே நெடுக்குக் கோடுகளை அளவுகோலால் 8 செ.மீ., 16 செ.மீ. என்று குறித்துப் போடச் சொல்லுங்கள். பன்னிரண்டு கட்டங்கள் ஆயிற்று. ஒவ்வொன்றிலும் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிக் கல்லாக்கட்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவின் தாள் கடைகளில் பல நிற வண்ணத்தாள்களை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

கைவேலை இதோடு முடிந்துவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். கணிதம் இனிமேல்தான் தொடங்குகிறது. அதே 24 செ.மீ. அளவில் இரண்டு ட்ரேசிங் தாள்களை வெட்டுங்கள். ஒன்றில் குறுக்குக் கோடுகளை மட்டும் போட்டு நான்கு பட்டைகளாக்கி, ஒரு பட்டைக்கு மெல்லிய மஞ்சள் பூசுங்கள். மற்றொன்றில் நெடுக்குக் கோடுகளை மட்டும் போட்டு மூன்று பட்டைகளாக்கி, ஒன்றுக்கு மெல்லிய நீலம் பூசுங்கள். மஞ்சள் பட்டையுள்ள தாளை மார்ப்பதக்கத்தின் மேல் ஓரத்தோடு ஓரம் பொருந்த வைத்தால், அந்த ஒரு பட்டைக்கு அடியில் மூன்று கற்கள் தெரியும். மேல் தாளைப் பார்த்தால் நான்கில் ஒரு பங்கு. கீழ் அட்டையைப் பார்த்தால் பன்னிரண்டில் மூன்று பங்கு. மஞ்சள் பூசிய இடம் ஒன்றேதான்.

இந்த இடத்தில், "மூன்று கல் இருக்கிறதே, அது ஒன்றைவிடப் பெரியது இல்லையா?" என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்கு நீங்கள் உடனே விடை சொல்லிவிடாதீர்கள். கேட்ட பிள்ளையின் கையிலேயே மேல் தாளைக் கொடுத்து, எடுக்கவும் மீண்டும் வைக்கவும் சொல்லுங்கள். மஞ்சள் இடம் எந்தக் கல்லையாவது தாண்டிப் போகிறதா, எந்தக் கல்லையாவது மூடாமல் விடுகிறதா என்று விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கல் சிறியதாகிவிட்டதால்தான் எண்ணிக்கை கூடியது என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்லும் வரை காத்திருப்பது நல்லது. பிறகு நீலப் பட்டையை வைத்தால் நான்கு கற்கள் அடங்கும். மூன்றில் ஒன்றும் பன்னிரண்டில் நான்கும் சமம். மஞ்சள் தாளில் இன்னொரு பட்டைக்கும் வண்ணம் பூசினால் நான்கில் இரண்டு, பன்னிரண்டில் ஆறு, இரண்டில் ஒன்று என்று மூன்று பெயர்கள் ஓர் இடத்துக்கே கிடைக்கும்.

மறுவாரத்துக்கு எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாவால் படைக்கும் போஜனபலியோடு சேர்க்க வேண்டிய எண்ணெயின் அளவு அங்கே மிருகத்துக்கேற்ப மாறுகிறது: ஆட்டுக்குட்டிக்குக் கால், ஆட்டுக்கடாவுக்கு மூன்றில் ஒன்று, காளைக்கு அரை. எபிரெய அளவின் பெயர் ஹின். நம் பழைய தமிழ் வேதாகமம் அதைப் படி என்று எழுதுகிறது. இந்த மூன்று பின்னங்களும் மார்ப்பதக்கத்தில் பிள்ளைகள் ஏற்கெனவே கண்டவை என்பதுதான் இதன் அழகு: ஒரு பத்தி, ஒரு நெடுக்குப் பட்டை, இரண்டு பத்திகள். ஒளி ஊடுருவும் ஒரு பாட்டிலில் பன்னிரண்டு மூடி தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மூடிக்கும் ஒரு கோடு போட்டு, மஞ்சள்தூள் கலந்த நீரை எண்ணெயாக வைத்துக்கொள்ளுங்கள். கால் அளவு வேண்டுமானால் எத்தனை மூடி என்று கேட்டால், மார்ப்பதக்கத்தைப் பார்த்துவிட்டு மூன்று என்பார்கள். பக்கவாட்டில் ஒரே சீராக இருக்கும் பாட்டிலாகப் பாருங்கள். இடை சிறுத்த பாட்டிலில் கோடுகளின் இடைவெளி ஒத்துவராது.

தாம்பரத்திலிருந்து ஒரு தந்தை: மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கினால் சமான பின்னம் வந்துவிடுகிறது. என் மகனும் அப்படியே செய்து மதிப்பெண் வாங்குகிறான். படம், கதை எல்லாம் நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றுகிறதே?

விதி சரியானதுதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். விதியை மட்டும் கற்ற பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதைப் பாருங்கள். சில மாதங்கள் கழித்து, பெருக்க வேண்டுமா கூட்ட வேண்டுமா என்பது மறந்துபோய், 1/4 என்ற பின்னத்தின் தொகுதியிலும் பகுதியிலும் 2-ஐக் கூட்டி 3/6 என்று எழுதிவிடுகிறது. 3/6 என்பது பாதி. காலும் பாதியும் எப்படிச் சமமாகும் என்ற ஐயம் அந்தப் பிள்ளைக்கு எழுவதே இல்லை, ஏனெனில் அதற்கு அவை வெறும் எண்கள்.

மார்ப்பதக்கத்தின் மேல் தாளை வைத்துப் பார்த்த பிள்ளைக்குப் பெருக்கல் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். நான்கு பத்திகளையும் நெடுக்குக் கோடுகள் மும்மூன்றாக வெட்டுகின்றன. மொத்தப் பங்குகள் மூன்று மடங்காகின்றன. வண்ணம் பூசிய பத்தியும் அதே கோடுகளால் வெட்டப்படுவதால் அதன் பங்குகளும் மூன்று மடங்காகின்றன. தொகுதி, பகுதி இரண்டையும் ஒரே எண்ணால் பெருக்குவதற்கான காரணம் இதுவே. வண்ணம் பூசிய பத்தியை மட்டும் வெட்டிவிட்டு மற்றவற்றை வெட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். பங்குகள் சமமாக இராது என்று அவன் சொல்லிவிட்டால் விதி அவனுக்குச் சொந்தமாகிவிட்டது என்று பொருள்; சொல்லவில்லையென்றால் அரை மணி நேரம் தாளோடு உட்காருவதை நேரவிரயம் என்று நினைக்காதீர்கள்.

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி: ஐந்து அப்பமும் இரண்டு மீனும், விதைக்கிறவன் உவமை ஆகிய இரண்டும் பிள்ளைகள் நன்கறிந்த கதைகள். இவற்றைப் பின்னத்துக்குப் பயன்படுத்தலாமா?

இரண்டையும் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விதைக்கிறவன் உவமையில் விதை நான்கு வகை நிலத்தில் விழுகிறது. அதைக் கொண்டு நான்கில் ஒரு பங்கு விதையே பலன் தந்தது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வழியோரமும் கற்பாறையும் முள்ளும் நல்ல நிலமும் சம அளவு விதையைப் பெற்றன என்று உவமை எங்கும் சொல்லவில்லை. நான்கு வகை என்பது வேறு, நான்கு சமபங்கு என்பது வேறு. பின்னத்தில் பிள்ளைகள் செய்யும் மிகப் பெரிய பிழையே பங்குகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அவற்றின் சமத்துவத்தைப் பார்க்காமல் விடுவதுதான். அந்தப் பிழையை நாமே கதையின் வழியாக ஊட்டிவிடக் கூடாது.

ஐந்து அப்பங்களின் கதையில் இடையூறு இன்னும் ஆழமானது. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்க்காமல் ஆண்கள் மட்டுமே ஏறக்குறைய 5,000 பேர். ஐந்து அப்பங்களைச் சமமாகப் பிட்டால் அவர்களுக்கே ஆளுக்கு ஓர் அப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். எல்லாரும் வயிறார உண்டு பன்னிரண்டு கூடை மீந்தது என்பதே அந்த அதிசயம். இருக்கும் முழுப்பொருளைப் பங்கிடும் கணக்கு அங்கே செல்லாது என்பதுதான் கதையின் உட்பொருள். அதைப் பின்னப் பாடமாக்கினால் கணிதத்துக்கும் நியாயம் செய்யவில்லை, சுவிசேஷத்துக்கும் நியாயம் செய்யவில்லை. அந்தக் கதையை வியப்போடு கேட்டு மகிழ விட்டுவிடுங்கள்.

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தாய்: என் மகள் 2/10 என்பது 1/5-ஐவிடப் பெரியது என்று அடம் பிடிக்கிறாள். வட்டம் வரைந்து காட்டியும் பயனில்லை.

உங்கள் மகள் 2-ஐயும் 1-ஐயும் தனியாக ஒப்பிடுகிறாள், 10-ஐயும் 5-ஐயும் தனியாக ஒப்பிடுகிறாள். இரண்டிலும் முன்னது பெரிதாக இருப்பதால் பின்னமும் பெரிது என்று முடிவு கட்டுகிறாள். இந்த வயதில் இது இயல்பே. வட்டம் உதவாததற்கும் காரணம் உண்டு. கையால் வட்டத்தை ஐந்து சமபங்காக வரைவது பெரியவர்களுக்கே கடினம். அருகருகே வரையும் இரண்டு வட்டங்கள் ஒரே அளவில் அமைவதும் அரிது. முழுப்பொருளே மாறிவிட்டால் பிறகு எதை ஒப்பிடுவது?

வட்டத்தை விட்டுவிட்டு 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு தாள்பட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு யோசேப்பிடம் செல்லுங்கள். செழிப்பான ஏழு ஆண்டுகளில் எகிப்தின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கும்படி பார்வோனுக்கு அவன் யோசனை சொன்னது ஆதியாகமம் 41-இல் இருக்கிறது. பின்னர் 47-ஆம் அதிகாரத்தில், ஐந்தில் ஒன்று பார்வோனுக்கு, நான்கு பங்கு விதைக்கும் உணவுக்குமாக மக்களுக்கு என்று அது சட்டமாகிறது. ஒரு பட்டையை 6 செ.மீ. வீதம் ஐந்தாகப் பிரித்து, ஒரு பங்கில் களஞ்சியமும் மற்ற நான்கில் வயல்களும் வரையச் சொல்லுங்கள். அவள் வரையும்போது அவசரப்படுத்தாதீர்கள். கதிர்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பங்கின் அகலம் கண்ணில் பதிகிறது.

இரண்டாவது பட்டைக்கு, ஆபிராம் எல்லாவற்றிலும் பத்தில் ஒரு பங்கைச் சாலேமின் ராஜாவாகிய மெல்கிசேதேக்குக்குக் கொடுத்ததைச் சொல்லுங்கள். 3 செ.மீ. வீதம் பத்தாகப் பிரித்து ஒரு பங்குக்கு வண்ணம் பூசட்டும். இப்போது பட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக, இடது ஓரம் சேர வைத்து, யோசேப்பின் களஞ்சியத்துக்குச் சமமாக வர இன்னும் எத்தனை பங்குக்கு வண்ணம் பூச வேண்டும் என்று கேளுங்கள். இன்னொன்று என்பாள், பூசியதும் 2/10 அவள் கண் முன்னே 1/5-இன் ஓரத்தோடு நின்றுவிடும். அப்படியே தொடர்ந்தால், மக்களுக்கு விட்ட 4/5 என்பது 8/10 என்பதையும் அவளே எண்ணிச் சொல்லிவிடுவாள்.

வீட்டில் பழைய படியும் ஆழாக்கும் இருந்தால் அரிசியை அளந்தும் காட்டுங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி என்பதால், படியில் எட்டில் இரண்டு பங்கும் நான்கில் ஒரு பங்கும் ஒன்றே என்பது கைக்குத் தெரிந்துவிடும். இதில் ஒரே படியை இரண்டு முறையும் பயன்படுத்துவதால் முழுப்பொருள் மாறிவிடும் என்ற கவலையும் இல்லை.

புரசைவாக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கற்பிக்கிறேன். என் வகுப்பில் எல்லா மதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இக்கதைகளைக் கணித வகுப்பில் சொல்லலாமா?

உங்கள் தயக்கம் மதிக்கத்தக்கது. அரசு உதவி பெறும் நிறுவனத்தில் படிப்பவரை, அவரது இசைவின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவின்றி, மதபோதனையில் பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு கூறுகிறது. கணித வகுப்பு என்பது எல்லாப் பிள்ளைகளும் கட்டாயமாக உட்கார்ந்திருக்கும் இடம். அங்கே ஒரு மதத்தின் நூலை மட்டும் தொடர்ந்து கருவியாக்குவது முறையன்று என்பதே என் கருத்து. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது ஓய்வுநாள் பள்ளியிலும் வீட்டிலும் கிடைக்கட்டும்.

பாடத்தின் உட்கருத்தை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு கட்டச் சதுரத்தையும் இரண்டு மேல் தாள்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, கட்டங்களை வண்ணக் கண்ணாடி பதித்த சன்னலாகவோ, நான்கு வரிசைக்கு மூன்று புள்ளி வைத்த கோலமாகவோ, ஒரு மாடிக் குடியிருப்பின் வீடுகளாகவோ மாற்றிவிடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர்: பத்துக் கன்னிகைகள் உவமையில் ஐந்து பேர் புத்தியுள்ளவர்கள், ஐந்து பேர் புத்தியில்லாதவர்கள். 5/10 = 1/2 என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை உண்டா?

நல்ல கதைதான்; ஆனால் அதை இரண்டாம் கட்டத்துக்கு வையுங்கள். ஒரு தாளைப் பிரிப்பதில் முழுப்பொருள் கண்ணுக்குத் தெரிகிறது; பத்துப் பேர் கொண்ட கூட்டத்தை ஒரு முழுப்பொருளாகக் கருதுவது பிள்ளைகளுக்குச் சற்றுக் கடினம். தாள்பட்டையில் தேறிய பிறகு, பத்துத் தீவட்டிகளை வெட்டி, ஐந்துக்கு மஞ்சள் சுடர் ஒட்டுங்கள். எரிபவற்றை ஒரு பக்கமும் அணைந்தவற்றை மறுபக்கமும் குவித்துவிடாமல், எரிவதும் அணைந்ததுமாக ஐந்து சோடிகளாக அடுக்குங்கள். ஒவ்வொரு சோடியிலும் இரண்டில் ஒன்று எரிகிறது என்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு 5/10 ஏன் 1/2 என்பதை விளக்க வேண்டியிராது.

இதே முறையில், அகியா தீர்க்கதரிசி புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்துக் கோத்திரங்களை அவன் ஆளப்போவதற்கு அடையாளமாகப் பத்தை யெரொபெயாமுக்குக் கொடுத்த நிகழ்ச்சியை (1 இராஜாக்கள் 11) ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10/12 என்பது 5/6 ஆகிறது. அடுத்த வசனத்தில் தாவீதின் வீட்டாருக்கு ஒரு கோத்திரம் என்று வருவதால், பத்தும் ஒன்றும் பதினொன்றுதானே என்று கூர்மையான பிள்ளை கேட்கும். 12-ஆம் அதிகாரத்தில் யூதாவோடு பென்யமீனும் சேர்ந்து நிற்பதை அப்போது காட்டிவிடுங்கள்.

எழும்பூரிலிருந்து ஒரு பாட்டி: பேரப்பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று காட்டும்படி ஏதாவது உண்டா?

உங்களுக்கு மிக அருகிலேயே உண்டு. 1821-இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்தின் நடுமண்டபம் வட்ட வடிவமானது. விண்மீன்கள் தீட்டிய அதன் நீல நிறக் குவிமாடத்தைப் பதினாறு தூண்கள் தாங்குகின்றன. ஆராதனை இல்லாத நேரத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தூண்களை எண்ணச் சொல்லுங்கள். வட்டத்தில் கால் பங்கு நடந்தால் எத்தனை தூண், பாதி நடந்தால் எத்தனை தூண் என்று கேட்கலாம்.

வீடு திரும்பியதும் ஒரு வட்டத்தாளைப் பாதியாக மடித்து, ஒரு பாதிக்கு நீலம் பூசச் சொல்லுங்கள். பிறகு மீண்டும் மீண்டும் பாதியாக மடித்துப் பிரிக்கப் பிரிக்க, அதே நீலம் 1/2, 2/4, 4/8, 8/16 என்று பெயர் மாறிக்கொண்டே வரும். நான்காவது மடிப்பில் தாள் தடித்துவிடும் என்பதால் மெல்லிய தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். சார்ட் அட்டை மடியாது.